கடகடவா, கரகரவா?

மார்கழியில் எங்கள் கடையில் ஈ ஓட்டலாம். மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன டி.டி.பி. கடை என்னுடையது, கல்யாணப் பத்திரிகைதான் பிழைப்பு. திருவந்திபுரம் மலையில் ஒரே முகூர்த்தத்தில் எத்தனை தாலி ஏறும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் நாலைந்து பத்திரிகையாவது என் கீபோர்டில் பிறந்திருக்கும். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஆனால் கண்ணீர் அஞ்சலிக்கு மாதம் கிடையாது.

அன்று ஷட்டரை முழுசாகத் தூக்குவதற்குள் ஒரு பெரியவரும் அவர் மகனும் வந்து நின்றார்கள். பெரியவரின் மனைவி விடியற்காலையில் போய்விட்டார். மத்தியானத்துக்குள் போஸ்டர் ஒட்ட வேண்டும். உட்காரச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். அது தன் கச்சேரியைத் தொடங்கியது. மகன் ஒவ்வொரு பெயராகச் சொல்கிறார், எனக்குப் பாதி காதில் விழவில்லை. "குணசேகரனா, தனசேகரனா?" என்று கேட்டதையே மறுபடி கேட்டேன். அம்மா இறந்த வீட்டிலிருந்து வந்த மனிதர், பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சந்தையில் விலை கூவுவதுபோலக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உள்ள ஓடுற மிஷினைக் கொஞ்சம் நிறுத்திட்டு அடிக்க முடியாதா?"

பின்கட்டில் ஏதோ அச்சு மெஷின் ஓடுவதாக நினைத்துக்கொண்டார். இந்தக் கம்ப்யூட்டர்தான் கத்துகிறது, இதை நிறுத்தினால் போஸ்டரே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இதோ ஆயிடுச்சு ஐயா" என்று சொல்லிவிட்டு வேகமாக அடித்தேன்.

சத்தம் ஒரே நாளில் வந்து உட்கார்ந்துவிடவில்லை. ஐப்பசி மழைக்கு முன்பே லேசான 'உஸ்' இருந்தது. அப்புறம் காலையில் ஆன் செய்ததும் ஐந்து நிமிடம் கரகரத்துவிட்டு அடங்கும். அப்புறம் பத்து நிமிடம். அப்புறம் அடங்குவதே இல்லை. நடுநடுவே 'கடகட' என்று ஒரு தாளம். அது வரும்போது பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவேன், நின்றுவிடும். தட்டினால் நிற்கிற சத்தத்தை யார் ரிப்பேர் பார்ப்பார்கள்? மூன்று மாதம் தட்டியே ஓட்டினேன்.

புதுசு வாங்கித் தொலைக்கலாமே என்று கேட்பீர்கள். இந்தக் கம்ப்யூட்டர் எனக்கு 'தானே' புயல் கொடுத்தது. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையேறியபோது கடையின் ஷீட் கூரை போனது, அடியில் இருந்த பழைய கம்ப்யூட்டரும் போனது. 2012-இல் கடன் வாங்கி எடுத்தது இந்த ஐ3. இதில்தான் நான் பத்திரிகை அடிக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் இருக்கிறது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அதோடு அந்த மென்பொருளின் கதை முடிந்துவிட்டது. ஆனால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்து வைத்த பத்திரிகைகள் ஆயிரக்கணக்கில் அதற்குள்தான் கிடக்கின்றன. அக்கா கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையைக் கொண்டுவந்து "இதே மாதிரி தங்கச்சிக்கும்" என்று கேட்கிற ஊரில், பழைய மெஷின் என்பது சொத்து.

முதலில் நானே பார்த்த வைத்தியங்களைச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. பெட்டியைத் திறந்து (இந்தப் பெட்டிக்குப் பெயர் கேபினெட், நம் ஊரில் எல்லோருக்கும் அது 'சி.பி.யூ.'தான், உண்மையான சி.பி.யூ., அதாவது ப்ராசசர், உள்ளே தீப்பெட்டி அகலத்தில் ஒளிந்திருக்கிறது) புளோயர் அடித்தேன். வந்த தூசிக்கு எதிர்க் கடைக்காரர் சண்டைக்கு வந்தார். ப்ராசசரின் சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவில் மட்டும் ஒன்றும் அசையவில்லை. அங்கே தூசி கம்பளி மாதிரி ஒட்டிக் கிடந்தது. சில்வர் பீச்சுக்குச் சைக்கிளில் போய் வரும் தூரத்தில் கடை. கடல் காற்றில் உப்பு வருகிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். எங்கள் ஊரில் இரவெல்லாம் அந்த ஈரம்தான். அதோடு பேப்பர் வெட்டும் தூள், கொசுவர்த்திப் புகை. எல்லாம் சேர்ந்து பசை. பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் சுரண்டித்தான் எடுத்தேன்.

அதில் ஒரு நன்மை நடந்தது. 'உஸ்' நின்றுவிட்டது. காற்று போகாமல் ப்ராசசர் சூடானதால் ஃபேன் உச்ச வேகத்தில் ஓடியிருக்கிறது. அந்தக் காற்றின் சத்தம்தான் அது. ஆனால் அது நின்ற பிறகு, அதுவரை அதன் அடியில் மறைந்திருந்த கரகரப்பு பட்டவர்த்தனமாகக் கேட்க ஆரம்பித்தது. சுத்தம் செய்ததால்தான் கெட்டுப்போனது என்று வீட்டில் சொன்னார்கள்.

புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. அடிக்கிற காற்றில் அது தன் இயல்புக்கு மேல் சுற்றி, ஏற்கனவே நொந்துபோன பேரிங்கை இன்னும் நோகடிக்கும். நான் பாட்டுக்கு அது ராட்டினம்போல் சுற்றுவதை ரசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது தேங்காய் எண்ணெய். கார்த்திகை மாதம், மகளின் தலைக்கு வைக்கிற பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை ஃபேனின் நடுவில் விட்டேன். அதிசயம் மாதிரி அடங்கியது. மூன்று வாரம் என்னைவிடப் பெரிய கம்ப்யூட்டர் மெக்கானிக் கடலூர் மாவட்டத்திலேயே இல்லை என்று நடந்துகொண்டேன். மார்கழி பிறந்தது. ஒரு நாள் காலையில் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'சி.பி.யூ. ஃபேன் எரர்' என்று வந்து நிற்கிறது. ஃபேன் சுற்ற மறுத்துத் துடிக்கிறது, விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் கரகரவென்று கிளம்புகிறது. வீட்டுக்குப் போய்க் குளியலறையைப் பார்த்தேன். எண்ணெய்ப் பாட்டில் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறையும், இது நம் வீட்டில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அதையே பேரிங்குக்குள் விட்டபோது மட்டும் எனக்கு எப்படி மறந்துபோனது?

பெரியவர் வந்துபோன அன்று சாயங்காலம் மெக்கானிக் மாமாவைக் கூப்பிட்டேன். மாமா அப்பாவின் சிநேகிதர். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் போட் இன்ஜின் பார்த்தவர், டீசல் இன்ஜின் மட்டும்தான். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது பேரன் பார்க்கும் கார்ட்டூன். இருந்தாலும் சுற்றுகிற எதுவும் அவருக்கு அந்நியமில்லை.

"இன்னாடா பண்ணுது?"

"சத்தம் போடுது மாமா."

"சத்தம்னா? கடகடன்னா, கரகரன்னா? கொர்ருன்னா? ஙொய்யின்னா?"

"எல்லாம்தான்."

"எல்லாம்னா ஒண்ணும் பாக்க முடியாது. எங்க, போடு."

போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் பேச வாயெடுத்தேன், கையை உயர்த்தி அடக்கினார். நம் மொழியில் சத்தத்துக்கு இருக்கிற இரட்டைச் சொற்களைப் பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி என்று இரண்டு மார்க்குக்குப் படித்தோம். மாமாவுக்கு அவை நோயின் பெயர்கள். கடகடவென்றால் ஒன்றில் இன்னொன்று இடிக்கிறது. கரகரவென்றால் எண்ணெய் இல்லாமல் தேய்கிறது. கிர்ரென்று ஒரே மூச்சாக வந்தால் பேரிங் உருண்டையில் பழுது. தடதடவென்று தரையெல்லாம் அதிர்ந்தால் எதுவோ சரியாக முடுக்கவில்லை. போட் இன்ஜினுக்கு வைத்திருந்த அகராதியை அப்படியே என் கம்ப்யூட்டருக்கும் போட்டார். "கரையிலேர்ந்து பத்து மைல் உள்ள போயி இன்ஜின் நின்னா மெக்கானிக்க எங்கடா தேடுவ? சத்தம் மாறும்போதே தெரிஞ்சிக்கணும்."

பிறகு பையிலிருந்து நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு நுனியை முதலில் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் வெளித் தகட்டில் வைத்தார். "இது நல்லாத்தான் கீது." அடுத்து ஹார்ட் டிஸ்க் ஓரத்தில். "இதுவும்." பின்பக்கக் கேபினெட் ஃபேனின் சட்டத்தில் வைத்ததும் முகம் மாறியது. ப்ராசசர் ஃபேனின் சட்டத்தில் வைத்ததும் ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினார். "நீ கேளு." கேட்டேன். சுற்றும் இறக்கையில் பட்டுவிடாமல் ஓரத்தில் மட்டும் தொட வேண்டும். காதுக்குள் யாரோ அம்மியில் கல் அரைப்பதுபோல இருந்தது. வெளியே கேட்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆக நோய் ஒன்றல்ல, இரண்டு. இது தெரியாமல்தான் நான் மூன்று மாதம் ஒரே சத்தம் என்று நினைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கடகட சுலபமாகத் தீர்ந்தது. ஒயர்களைச் சேர்த்துக் கட்டிய பிளாஸ்டிக் டேக்கின் வால் வெட்டாமல் விடப்பட்டு, பின்பக்க ஃபேனின் இறக்கையை உரசிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தட்டினால் வால் கொஞ்சம் விலகும், சத்தம் நிற்கும், சூட்டில் மறுபடி தளர்ந்து உள்ளே வரும். கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. மூன்று மாதத் தட்டல் முடிந்தது.

கரகரதான் விஷயம். ப்ராசசருக்கு மேலே இருக்கும் ஃபேன். மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஃபேனை ஹீட் சிங்கிலிருந்து கழற்றினோம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சத்தம் இருந்திருந்தால் மாமாவானாலும் திறக்க விட்டிருக்க மாட்டேன். அதன் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கியதும் உடனே இறங்கிவிடாது. அந்தப் பெட்டி கத்தினால் அப்படியே மாற்றிவிடுவதுதான் உசிதம்.

ஃபேனின் முதுகில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர். அதை நகத்தால் பாதி உரித்தால் ஒரு ரப்பர் மூடி. மூடியை எடுத்தால் ஷாஃப்டின் நுனி, அதன் கழுத்தில் கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாஷர், ஓரிடத்தில் பிளந்தது. மொத்த ஃபேனையும் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கடுகுதான். மாமா ஊசியால் அதன் பிளவை நெம்பினார். 'டிக்' என்று ஒரு சத்தம். வாஷரைக் காணோம்.

இருபது நிமிடம் தேடினோம். இரண்டு பேரும் மண்டியிட்டு, செல்போன் வெளிச்சத்தில், பெஞ்சுக்கு அடியில், செருப்புக்குள். மாமா துடைப்பத்தால் பெருக்கி, குப்பையைப் பேப்பரில் கொட்டிச் சலித்தார். பக்கத்துக் கடை டெய்லர் அண்ணன் வந்து, "காந்தம் விடுங்க" என்றார், பிளாஸ்டிக் என்றதும் சிரித்துவிட்டு அவரும் உட்கார்ந்து தேடினார். கடைசியில் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆல்பத்தில், திறந்திருந்த பக்கத்தில், பிள்ளையாரின் தும்பிக்கைக்கு மேல் ஒரு முத்து மாதிரி உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து யாராவது ஃபேன் கழற்றுகிறேன் என்றால் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள், ஃபேனை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, கையை உள்ளே விட்டு வேலை செய்தாலும் தப்பில்லை.

வாஷர் போனதும் இறக்கைப் பகுதி தனியாகக் கையோடு வந்தது. அதன் உட்புறம் வளையமாக ஒரு காந்தம். இந்தப் பக்கம் நாலு செப்புக் கம்பிச் சுருள், ஓரத்தில் ஒரு சின்ன பச்சை போர்டு. மிக்சியில் இருப்பதுபோல கார்பன் பிரஷ் எதுவும் இல்லை. சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதை அந்தப் போர்டே பார்த்துக்கொள்கிறது. இப்போது எலக்ட்ரிக் கடைகளில் கரண்ட் மிச்சம் என்று பி.எல்.டி.சி. சீலிங் ஃபேன் விற்கிறார்களே, அதேதான். கம்ப்யூட்டருக்குள் அது வருடக்கணக்காகச் சத்தமில்லாமல், அதாவது பெரும்பாலும் சத்தமில்லாமல், இருந்துவந்திருக்கிறது.

நடுவில் வெண்கல நிறத்தில் ஒரு குழாய், மாமாவின் வார்த்தையில் 'புஷ்'. பார்க்க கெட்டியாக இருந்தாலும் அது உலோகப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது, உடம்பெல்லாம் நுண்ணிய துளை. செய்யும்போதே அந்தத் துளைகளில் எண்ணெயை ஊற வைத்துவிடுகிறார்கள். ஓடிச் சூடானால் எண்ணெய் கசிந்து ஷாஃப்டுக்கு வரும், நின்று ஆறினால் மறுபடி துளைக்குள் போய்விடும். மண்பானை தண்ணீரைக் கசிய விடுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம், பானை அதைத் திரும்ப உறிஞ்சாது என்பதுதான் வித்தியாசம். வருடங்கள் போகப் போக அந்த எண்ணெய் காய்கிறது. என் புஷ்ஷில் அதோடு தேங்காய் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பழுப்பாக, வாணலி அடியில் காய்ந்த பிசுக்கு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. துளையெல்லாம் மூடிப்போச்சு. "தலைக்கு வெக்கிறத தலைக்குத்தான்டா வெக்கணும்" என்றார் மாமா.

செல்போன் சர்வீஸ் கடையில் வாங்கிய ஐ.பி.ஏ. என்ற ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தோம். காது குடையும் பஞ்சுக் குச்சியைப் புஷ்ஷுக்குள் விட்டு, அது கறுப்பாக வராத வரைக்கும் சுற்றினோம், ஏழு குச்சி ஆனது. பிறகு டெய்லர் அண்ணனின் தையல் மெஷின் எண்ணெய், இரண்டே சொட்டு. ஸ்டிக்கரின் பசை போய்விட்டதால் மேலே செல்லோடேப். நிறைய எண்ணெய் விட்டால் நல்லது என்று தோன்றும். வழிந்து டேப்பைக் கழற்றிவிட்டால் அந்த வழியே தூசி உள்ளே போகும், அவ்வளவுதான் லாபம். இன்னொன்று: வீட்டில் எல்லாத் துருவுக்கும் அடிக்கிற ஸ்ப்ரேயை இதற்கு அடிக்காதீர்கள். அழுக்கை நன்றாகக் கழுவும், கழுவிவிட்டுப் பெரும்பகுதி ஆவியாகிவிடும், புஷ் பழையபடி காய்ந்து நிற்கும்.

மாட்டுவதற்கு முன் மாமா ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். மேலும் கீழும் கொஞ்சம் நகர்வது இயல்பு. பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆடியது. நின்ற வாக்கில் வைக்கும் கேபினெட்டில் இந்த ஃபேன் படுத்த ஷாஃப்டோடுதான் ஓடுகிறது. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஒரே பக்கம் சாய்ந்து சாய்ந்து புஷ்ஷின் வட்டம் கொஞ்சம் முட்டை வடிவமாகியிருக்கிறது. எண்ணெய்க்கு அதை வட்டமாக்கத் தெரியாது. "ஒரு வாரம் ஓட்டிக்கோ" என்றார் மாமா. டீக்கு மேல் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த ஒரு வாரத்தில் ஒரு நாள் மகள் கடைக்கு வந்தாள். எட்டாவது படிக்கிறாள், பாட்டு கற்றுக்கொள்கிறாள். கரகரப்பு போன கம்ப்யூட்டரில் இப்போது மெல்லிய ஒரு ரீங்காரம் மட்டும். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, செல்போனில் தம்புரா ஆப்பைத் திறந்து எதையோ தள்ளினாள். "அப்பா, உங்க கம்ப்யூட்டர் ஆறரைக் கட்டையில பாடுது." கேலி என்றுதான் நினைத்தேன். அப்புறம் கணக்குப் போட்டேன். ஃபேன் வேகம் நிமிடத்துக்கு 2000 சுற்று. நொடிக்கு 33 சொச்சம். இறக்கை ஏழு. ஒவ்வொரு இறக்கையும் ஒரு முறை காற்றை வெட்டுகிறது என்றால் நொடிக்கு 233 வெட்டு. ஆறரைக் கட்டை ஷட்ஜம், கீழ் ஸ்தாயியில், 233 ஹெர்ட்ஸ். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவளுக்குச் சுருதி சேரவில்லை என்று போன மாதம்தான் டீச்சரிடம் புகார் கேட்டு வந்திருந்தேன்.

மாமா சொன்ன ஒரு வாரம் ஆறாவது நாளே முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்குக் கிளம்பினேன். கடலூர் ஆம்பளை ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பாண்டிக்குப் போகிறேன் என்றால் வீட்டில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பழைய ஃபேனைக் கவரில் போட்டுக் கையில் காட்டிய பிறகே டிபன் வந்தது. கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி பஸ் போய்ச் சேர, காந்தி வீதி சண்டே மார்க்கெட் அதன் முழு இரைச்சலில் இருந்தது. துணி, செருப்பு, பழைய புத்தகம், சார்ஜர், அதற்கு நடுவே ஒரு சாக்கின் மேல் கம்ப்யூட்டர் சாமான்கள். ஹீட் சிங்கோடு சேர்ந்த ஃபேனே நாலைந்து கிடந்தது. விலை படிந்துவிடும்போல் இருந்தது. விற்பவர் விரலால் சுண்டிவிட்டு "பாருங்க, என்னா ஸ்மூத்" என்றார். நான் அதைக் காதருகே கொண்டுபோனேன். "எதெடுத்தாலும் நூறு, எதெடுத்தாலும் நூறு" என்று பக்கத்து ஸ்பீக்கர் காதைப் பிளந்தது. மாமாவின் ஸ்க்ரூடிரைவரே வந்திருந்தாலும் அங்கே ஒன்றும் கேட்டிருக்காது. சத்தம் பார்த்து வாங்க வேண்டிய பொருளைச் சந்தையில் வாங்கக் கூடாது என்று வைத்துவிட்டு நடந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அங்கிருந்தவற்றில் பாதிக்கு மூன்று ஒயர்தான். என் மதர்போர்டுக்கு நாலு ஒயர் வேண்டும். கறுப்பு எர்த், மஞ்சள் 12 வோல்ட், பச்சை எத்தனை சுற்று ஓடுகிறேன் என்று போர்டுக்குச் சொல்வது, நாலாவது நீலம், எவ்வளவு வேகம் போதும் என்று போர்டு ஃபேனுக்குச் சொல்வது. அந்த நீல ஒயரில் நொடிக்கு 25,000 தடவை துடிப்பு போகிறது. மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது என்பதால் அந்தத் துடிப்பின் கிறீச்சல் நமக்குத் தெரியாது. மூன்று ஒயர் ஃபேனையும் அதே இடத்தில் மாட்டலாம், சுற்றும். ஆனால் என்னுடையதைப் போன்ற பழைய போர்டுகளில் பல, அதன் வேகத்தைக் குறைக்காமல் எப்போதும் முழு மூச்சில் ஓட விட்டுவிடும். கத்துவதற்கென்றே காசு கொடுத்து வாங்கியது மாதிரி.

ஒரு கடையில் புதுசாக, ஹீட் சிங்கோடு சேர்த்து, 450 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரப் பையன் கேட்காமலே சின்ன சிரிஞ்சில் தெர்மல் பேஸ்டும் வைத்தான்.

மாட்டுவது பெரிய வேலையில்லை, ஆனால் என்னைச் சோதித்தது. பழைய ஹீட் சிங்கை எடுத்தபோது அடியில் பேஸ்ட் காய்ந்து நெற்றி விபூதி மாதிரி உதிர்ந்தது. அதைத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவுக்குப் புதுப் பேஸ்ட். உலோகமும் உலோகமும் நேராகத் தொட்டாலே போதுமே, இது எதற்கு என்று தோன்றும். இரண்டு பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் இருக்கிறது, அந்தப் பள்ளத்தில் நிற்கும் காற்று சூட்டைக் கடத்தாது. அதை விரட்டத்தான் பேஸ்ட். சட்னி மாதிரி அள்ளித் தடவினால் அதுவே குறுக்கே நிற்கும்.

இந்த வகை ஹீட் சிங்கை நாலு மூலையிலும் நாலு பிளாஸ்டிக் காலால் போர்டில் அழுத்திப் பூட்ட வேண்டும். எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றும் 'க்ளிக்' என்று சொல்ல வேண்டும். மூன்று சொன்னது. நாலாவதும் சொன்ன மாதிரி இருந்தது. ஆன் செய்தேன், கம்ப்யூட்டரின் ஆரம்ப செட்டிங் திரையான பயாஸில் வெப்பம் விறுவிறுவென்று ஏறி 90-ஐத் தாண்டியது, புது ஃபேன் விமானம்போல அலறியது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் நாலாவது கால் பாதிதான் வெளியே வந்திருந்தது. அது சொன்னது 'க்ளிக்' இல்லை, 'க்ளு'. கழற்றி, மறுபடி துடைத்து, மறுபடி பருப்பு வைத்து, உள்ளங்கையால் அழுத்தினேன். இந்த முறை நாலும் சொன்னது. வெப்பம் 48-இல் நின்றது.

பயாஸில் ஃபேன் வேகத்தைத் தானாக ஏறி இறங்கும்படி வைத்தேன். இதில்தான் நிஜமான லாபம். ஃபேன் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகிறது, ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கிவிடுகிறது. 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குப் பாதி குறைந்ததுபோல் இருக்கும். அதனால் சின்ன ஃபேன் வெறிபிடித்து ஓடுவதைவிட, பெரிய ஃபேன் சோம்பலாகச் சுற்றுவது எப்போதும் மேல். கேபினெட்டின் பின்பக்கத்துக்கும் ஒரு நாள் 120 மில்லிமீட்டர் வாங்க வேண்டும். கத்திரி வெயில் வருவதற்குள் என்று நினைத்திருக்கிறேன், பார்க்கலாம். மகள் வந்து கேட்டுவிட்டு, "இப்போ அஞ்சரைக் கட்டை" என்றாள். அதாவது நிமிடத்துக்கு 1780 சுற்று. பயாஸைத் திறந்து பார்க்கவில்லை, அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

பழைய ஃபேனை மாமா கேட்டு வாங்கிப்போனார். உள்ளே இருந்த காந்த வளையத்தைத் தனியாக எடுத்து, தன் ஸ்பேனர் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்திருக்கிறார். கழற்றுகிற ஸ்க்ரூ ஓடாமல் நிற்குமாம். "பிளாஸ்டிக் வாஷர் நிக்காது மாமா" என்றேன். முறைத்தார். அவர் ஸ்க்ரூடிரைவர் ஒன்று என் மேஜை டிராயரில் இருக்கிறது. விட்டுப்போனாரா, கொடுத்துவிட்டுப் போனாரா என்று நான் கேட்கவில்லை.

ஒன்பதாவது நாள் பெரியவர் மறுபடி வந்தார், இந்த முறை தனியாக. பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை அடிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கரண்ட் இல்லியா தம்பி?" என்றார். திரையை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். வாய்விட்டு, ஒவ்வொரு பெயராக, யாரோ எதிரில் நின்று கை கூப்புவதுபோல நிறுத்தி நிறுத்தி. இரண்டாவது மருமகன் பெயரில் ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. விரலை அதன்மேல் வைத்துக் காட்டினார்.